சிறு நியமமும் பெருநெறியும்

இல்லறத்தார்க்கு உரிய விரதங்கள் 12. அவை அணுவிரதம் 5, குணவிரதம் 3, சிட்சாவிரதம் 4 என வகுக்கப்பெற்றுள்ளன. இவற்றைத் தடையின்றி ஒப்பிக்கும் சிறுவர் நம் இல்லங்களில் உளர். ஆயினும், “இவற்றுள் எதனை இன்று மேற்கொண்டாய்?” என வினவின், பெரியோரும் வாளா இருப்பர். விரதம் என்பது ஓங்கிய மலை, நாமோ அடிவாரத்தில் நிற்பவர் என்னும் மலைப்பே இதற்குக் காரணம். அம்மலைப்பை நீக்கும் வழியை நம் ஆசாரியர்களே வகுத்துள்ளனர். அதனைச் சிந்திப்போம்.

நியமம், யமம்

சமந்தபத்திராசாரியார் தாம் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், போகோபபோக பரிமாணம் என்னும் குணவிரதத்தை விளக்குமிடத்துத் துறத்தலை இருவகைப்படுத்துகின்றார். கால எல்லை வகுத்து ஒன்றை விடுதல் நியமம்; உயிருள்ள அளவும் விடுதல் யமம். ஒருமுறை நுகர்ந்து கழிப்பது போகம், உணவு போல்வது. மீண்டும் மீண்டும் நுகர்வது உபபோகம், ஆடை போல்வது. உணவு, ஊர்தி, படுக்கை, நீராட்டு, பூச்சு, மலர், வெற்றிலை, ஆடை, அணி, இசை முதலியவற்றுள் எதனையும் நியமத்திற்குப் பொருளாகக் கொள்ளலாம். காலமோ இன்று, பகல், இரவு, பக்கம், திங்கள், இரு திங்கள் கொண்ட பருவம், ஆறு திங்கள் கொண்ட அயனம் என விரிகின்றது.

இவ்வரிசை ஓர் ஏணியன்றோ? ஒரு பகலில் தொடங்கி ஆறு திங்கள் வரை ஏறலாம். அதனை ஏறிப் பழகியவர்க்கே யமம் எளிதாகும். ஒரு பகல் அளவினதாயினும், அப்பகலில் அப்பொருள் வழியே வரும் வினையின் ஊற்று தடைப்படுகின்றது. அதுவே செறிப்பின் தொடக்கம். ஆதலின் சிறிதென்று இகழற்க.

ஓர் அனுபவம்

ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், தசலட்சண பருவத்தின் முதல் நாளாகிய உத்தம க்ஷமை நாளன்று, “இனி எக்காலத்தும் சினவேன்” என ஜினாலயத்தில் உறுதி பூண்டேன். மூன்றாம் நாளே அது முறிந்தது. கணக்கைப் பிழையாகச் செய்த சிறுமி ஒருத்தியின் சிலேட்டைப் பிடுங்கி எறிந்தேன். அவள் அழவில்லை, உடைந்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கினாள். அக்காட்சி இன்றும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

உறுதி முறிந்தது ஒரு பிழை. “நமக்கு இஃது இயலாது” என்று எண்ணி, பின்னர்ப் பல ஆண்டுகள் எந்த நியமமும் ஏலாதிருந்தது அதனினும் பெரும்பிழை. எழுத்தறியாத என் மாமியாரே எனக்கு வழிகாட்டினார். “வாழ்நாள் முழுவதும் ஏனம்மா? முதல் பாடவேளை முடியும் வரை பொறுத்துப் பார்” என்றார். அவ்வாறே தொடங்கினேன். ஒரு பாடவேளை நண்பகலாயிற்று. நண்பகல் ஒரு நாளாயிற்று. சினம் முற்றும் அற்றதென்று இன்றும் கூறேன். ஆனால், அதன்பின் என் கையால் ஒரு சிலேட்டும் உடைந்ததில்லை.

ஏற்கும் முறை

1. பொருள், அளவு, இடம், காலம் ஆகிய நான்கையும் தெளிவாக வரையறுத்துக்கொள்க. “குறைவாக உண்பேன்” என்பது நியமமாகாது. “இன்று பகல் இனிப்பு உண்ணேன்” என்பது நியமம்.

2. ஒரு நேரத்தில் ஒரு நியமமே போதும்.

3. ஜினபிம்பத்தின் முன்னோ, இல்லத்துப் பெரியோர் முன்னோ கூறி ஏற்க.

4. உன் நியமத்தின் சுமை பிறர் தலையில் விழலாகாது. ஒருவர் நோன்புக்காக மருமகள் இருமுறை அடுப்பு மூட்ட நேரின், அந்நோன்பில் கருணை குறைகின்றது.

நகரங்களில் அலுவல் முடித்து இருட்டிய பின் இல்லம் திரும்பும் நம் மக்கள், இரவுண்ணாமையைக் காக்க இயலவில்லையே என வருந்திப் பின் அதனை அறவே மறந்துவிடுகின்றனர். அவர்கள் விடுமுறை நாள் ஒன்றிலேனும் கதிரவன் மறையுமுன் குடும்பத்தோடு உண்க. பின்னர் அட்டமி, சதுர்த்தசி நாள்களையும் சேர்த்துக்கொள்க. முழுமை கிட்டாமை, முற்றும் விடுதற்குக் காரணமாகாது.

வழுவும் நான்கு படிகள்

இனிப்பு உண்ணேன் என்ற சிறுவனை எடுத்துக்கொள்வோம். உண்ண வேண்டும் என உள்ளம் மாசுறுதல் அதிக்கிரமம். சம்புடத்தின் மூடியைத் திறத்தல் வியதிக்கிரமம். சிறிது சுவைத்தல் அதிசாரம். கூச்சமின்றி வேண்டுமட்டும் உண்ணுதல் அநாசாரம். மூடியைத் திறந்தவன் மீண்டும் மூடிவைத்துத் திரும்பினால், அவன் நியமம் பிழைத்தது. ஆதலின் மாலையில் பிரதிக்கிரமணம் செய்யுங்கால், “காத்தேனா, கெடுத்தேனா?” என்று மட்டும் கேளாது, “எந்தப் படியில் நின்றேன்?” எனக் கேட்டுக்கொள்க. முறிந்திருப்பின் வருந்துக, மறுநாள் அதனினும் சிறிய எல்லையோடு மீண்டும் ஏற்க. காத்திருப்பின் செருக்கற்க, செருக்கும் கஷாயமே.

பயிற்சி

அடுத்த இதழ் வருவதற்குள் குடும்பத்தார் ஒவ்வொருவரும் ஒரு நியமம் ஏற்க. முதல் திங்களில் வாரம் ஒரு பகல். இரண்டாம் திங்களில் தொடர்ந்து ஒரு பக்கம். மூன்றாம் திங்கள் முழுவதும். சிறுவரைப் பெரியோர் ஏவுதல் வேண்டா. தாம் ஏற்றுக் காட்டுதலே போதும்.

வினாக்கள்

1. நியமத்திற்கும் யமத்திற்கும் வேறுபாடு யாது?

2. நியமத்திற்குரிய கால எல்லைகளை வரிசையாகக் கூறுக.

3. வழுவும் நான்கு படிகளையும் உன் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக்கொண்டு விளக்குக.

மூன்றாம் வினாவிற்குரிய விடையை எவரிடமும் காட்ட வேண்டுவதில்லை.