பொறியின் முகம்

பொறி ஒன்றின் உள்ளே நிகழ்வனவற்றை நம்மில் பெரும்பாலோர் அறியோம். கைப்பேசியினுள் மின்னோட்டம் செல்லும் வழியை ஆராய்ந்த பின்னரா அதனைப் பயன்படுத்துகிறோம்? இல்லை. திரையில் தோன்றும் எழுத்தையும் படத்தையும் பொத்தானையுமே காண்கிறோம், அவற்றையே தொடுகிறோம். பொறி மனிதனுக்குக் காட்டும் இப்புறத்தோற்றத்தை 'இடைமுகம்' என்று வழங்குவர். இஃது அழகின்பொருட்டுச் செய்யப்படும் ஒப்பனை என்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதைச் சில நிகழ்ச்சிகள் காட்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பி-17 என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. அவற்றை ஓட்டியவருள் சிலர், விமானத்தை நலமாகத் தரையில் இறக்கிய பின்னர், சக்கரங்களை உள்ளே மடக்கிவிட்டனர்! விமானத்தின் வயிறு ஓடுபாதையில் உராய்ந்து சிதைந்தது. 'விமானியின் பிழை' என்று ஏட்டில் எழுதினர். அவர்களோ நன்கு பயின்றவர்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளநூல் அறிஞர் இதனை ஆராய்ந்தார். இறங்கிய பின்னர் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள தகடுகளை மடக்குதல் விமானியின் கடமை. அதற்குரிய விசையும் சக்கரங்களுக்குரிய விசையும் ஒரே வடிவில் அருகருகே அமைந்திருந்தன. களைத்த கை தவறான விசையைத் தொட்டது. வேறுவகையாக விசைகள் அமைந்த சி-47 விமானத்தில் இத்தொல்லை அரிதாகவே நேர்ந்தது. ஆகவே, சக்கர விசையின் நுனியில் சிறிய ரப்பர்ச் சக்கரம் ஒன்றையும், மற்றதன் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் அவர் பொருத்தச் செய்தார். கண் பாராவிடினும் கை அறிந்துகொண்டது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் அவ்விசையின் நுனி சக்கர வடிவிலேயே இருத்தல் காணலாம்.

விசையைப் போலவே விளக்கும் மனிதனை ஏமாற்றுவதுண்டு. அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு என்னும் அணுமின் நிலையம் இருந்தது. 1979ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள், விடியற்காலை நான்கு மணியளவில், அதன் இரண்டாம் உலையில் அழுத்தம் மிகுந்தது. அதனைத் தணிக்க வால்வு ஒன்று தானே திறந்தது. அழுத்தம் தணிந்ததும் அது மூடியிருத்தல் வேண்டும், மூடாமல் சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் அவ்வழியே வெளியேறலாயிற்று. கட்டுப்பாட்டு அறையிலோ அவ்வால்வுக்குரிய விளக்கு அணைந்துவிட்டது. பணியாளர்கள் வால்வு மூடிவிட்டதென்றே கொண்டனர். உண்மையில், மூடும்படி கட்டளை சென்றது என்பதையே அவ்விளக்கு உணர்த்தியது. கட்டளை இட்டதைக் காட்டுவது வேறு. அது நிறைவேறியதைக் காட்டுவது வேறு. பணம் செலுத்தும் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று கண்டவர் 'சேர்ந்துவிட்டது' என்று கொண்டு ஏமாறுவதும் இவ்வகையினதே.

அவ்வறையின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். தொடக்கத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகளும் ஒளிகளும் ஒருங்கே எழுந்தன. எது முதன்மையானது, எது சிறியது என்று பிரித்தறிய வழியில்லை. வெளியேறிய நீர் சென்று தங்கிய தொட்டியின் அளவுகாட்டி, பணியாளர்கள் நின்ற இடத்திலிருந்து காண முடியாதவாறு பலகையின் பின்புறம் இருந்தது. செய்தியை அச்சிட்ட கருவியோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பின்னரே மற்றொரு வால்வை மூடி நீரிழப்பைத் தடுத்தனர். அதற்குள் உலையின் உட்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிவிட்டது. அவ்வுலை பின்னர் இயங்கவேயில்லை. கணித அறிஞர் ஜான் கெமனியின் தலைமையில் ஆராய்ந்த குழு, பணியாளர்களின் தவறுகளை மறைக்கவில்லை. ஆயினும் அவர்களுக்கு அளித்த பயிற்சியிலும் அறையின் அமைப்பிலும் இருந்த குறைகளை எடுத்துக் கூறியது.

பிரான்சில் நேர்ந்தது இன்னும் கொடியது. 1992ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் மாலை, லியோன் நகரிலிருந்து ஸ்திராஸ்பூர்க் நகருக்கு ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று சென்றது. அதில் 96 பேர் இருந்தனர். விமானம் கீழிறங்கும் அளவை விமானி ஒரு குமிழைத் திருகித் தானியங்கிக் கருவிக்கு அறிவிப்பார். அவ்வளவு ஒரு சிறு திரையில் தோன்றும். அக்குமிழும் அத்திரையும் இருவகை அளவைகளுக்குப் பொதுவானவை. இறங்கும் கோணம் 3.3 பாகை எனில் '-3.3' என்று தோன்றும். நிமிடத்துக்கு 3300 அடி எனில் '-33' என்று தோன்றும். எவ்வளவை என்பதை வேறொரு பொத்தான் முடிவு செய்யும். இரண்டிற்கும் இடையே ஒரு புள்ளி! கணக்குத் தாளில் புள்ளி தவறினால் மதிப்பெண் குறையும். இங்கோ விமானம் இறங்க வேண்டிய வேகத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் இருளில் இறங்கி, வோஷ் மலையில் மோதியது. 87 பேர் மாண்டனர்.

விபத்துக்குக் காரணங்கள் வேறும் இருந்தன. எனினும் இவ்விரு அளவைகளையும் மாறிக் கொண்டிருத்தல் கூடும் என்பது ஆராய்ந்தோர் வலுவாகக் கருதிய காரணங்களுள் ஒன்று. அதன்பின் அச்சிறு திரையின் அமைப்பை மாற்றினர். இறங்கும் வேகத்தை இரண்டு இலக்கங்களால் சுருக்கிக் காட்டாமல், '-3300' என நான்கு இலக்கங்களால் முழுமையாகக் காட்டலாயினர்.