புயலுக்குப் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலோர மாவட்ட விவசாயிகளுக்கு வானிலைச் செய்தியில் கவனம் கூடிவிடும். சம்பா பயிர் தூர் கட்டி வரும் காலமும், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலமும், வங்கக்கடலில் புயல் பிறக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்த புயலுக்குக் ‘கஜா’ என்ற பெயரைக் கொடுத்தது இலங்கை. 2011 டிசம்பரில் கடலூர் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் அழித்த ‘தானே’ மியான்மர் கொடுத்த பெயர். 2020-இல் வந்த ‘நிவர்’ ஈரானுடையது. 2024-இல் வந்த ‘ஃபெஞ்சல்’ சவூதி அரேபியாவுடையது. நம் ஊரில் அடிக்கும் புயலுக்கு எங்கோ இருப்பவர்கள் பெயர் வைப்பானேன் என்று கிராமங்களில் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான விடையில்தான் புயல் எச்சரிக்கை எவ்வாறு கிடைக்கிறது என்பதும் அடங்கியிருக்கிறது.

பல நாடுகளின் கூட்டுக் காவல்

1970 நவம்பரில், அப்போது கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் 3 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் மாண்டனர். அந்தப் பேரழிவுக்குப் பின், 1972-இல் உலக வானிலை அமைப்பும் ஐக்கிய நாடுகள் சபையின் ஆசிய ஆணையமும் சேர்ந்து, வங்கக்கடல், அரபிக்கடல் புயல்களுக்கென ஒரு குழுவை ஏற்படுத்தின. இன்று அதில் இந்தியா, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான், ஈரான், ஓமன், கத்தார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் ஆகிய 13 நாடுகள் உள்ளன. ஒவ்வொரு நாடும் 13 பெயர்களைக் கொடுத்துள்ளது. வரிசைப்படி அடுத்த பெயரைச் சூட்டுவது புதுதில்லியில் உள்ள மண்டலப் புயல் மையத்தின் பொறுப்பு.

பெயர் என்பது அடையாளத்துக்காக மட்டுமே. பயன் தருவது தகவல் பரிமாற்றம். தினமும் காலை 5.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் பல நாடுகளிலும் ஒரே வேளையில் பலூன்களைப் பறக்கவிட்டு மேற்காற்றை அளக்கிறார்கள். கப்பல்களும் கடலில் மிதக்கும் கருவிகளும் காற்றழுத்தத்தைத் தெரிவிக்கின்றன. செயற்கைக்கோள் மேகத்தைப் படம் எடுக்கிறது. கரையை நெருங்கியதும் ரேடார் பிடித்துக்கொள்கிறது. இவை யாவும் தில்லி மையத்தில் ஒன்றுசேர்கின்றன. புயல் உருவான பின் 3 மணிக்கு ஒருமுறை அறிக்கை வெளியாகி, பாதை எந்த நாட்டை நோக்கி இருந்தாலும் உறுப்பு நாடுகளுக்குப் போய்ச் சேருகிறது.

ஆனால் தலைநகர் வரை வந்த செய்தி வயல் வரை வராவிட்டால் என்ன ஆகும்? 2008 மே மாதம் ‘நர்கீஸ்’ புயல் மியான்மரின் ஐராவதி டெல்டாவைத் தாக்கியது. காவிரி டெல்டாவைப் போலவே நெல் விளையும் தாழ்வான பூமி. இந்திய வானிலைத் துறை முன்கூட்டியே மியான்மருக்குத் தகவல் அனுப்பி வந்தது. எனினும் டெல்டா கிராமங்களில் பெரும்பாலோர் போதிய எச்சரிக்கையோ போக்கிடமோ இன்றிக் கடல் நீரில் அகப்பட்டனர். இறந்தோரும் காணாமற் போனோருமாகச் சுமார் 1,38,000 பேர். பிழைத்தவர்களுக்கும் விதைநெல் இல்லை. உழவு எருமைகள் பெருமளவில் மடிந்தன. வயலில் உப்புநீர் ஏறியது. அடுத்த பட்டத்து நடவு தொடங்கவிருந்த நேரம் அது.

வங்கதேசம் இதற்கு வேறு வழி கண்டது. அங்கே 76,000-க்கும் அதிகமான தொண்டர்கள், அவர்களில் பாதியளவு பெண்கள், கொடியும் ஒலிபெருக்கியும் கொண்டு வீடு வீடாகச் சென்று எச்சரிக்கின்றனர். நம் ஊரிலும் கைப்பேசி இல்லாத முதியவர்களும், வயலிலேயே குடிசை போட்டுத் தங்கியிருப்போரும் உண்டு. அவர்களிடம் யார் சொல்வது என்பதைத் தெருவாரியாக முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பெயர் காற்றைச் சொல்லும், மழையைச் சொல்லாது

காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தில் காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போதுதான் அது புயலாகிப் பெயர் பெறுகிறது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 29 பிற்பகலில்தான் புயலாயிற்று. மறுநாள் இரவே புதுச்சேரி அருகே கரை கடந்தது. பெயர் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்கு ஒன்றரை நாள்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் புயலில் காற்றைவிட மழையே அதிகச் சேதம் செய்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. பெய்தது. கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. ஆகவே கரையிலிருந்து தொலைவில் இருப்போரும் அசட்டையாக இருத்தல் கூடாது.

துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று விசாரிக்கும் பழக்கம் இன்னும் உண்டு. அந்தக் கூண்டு கப்பல்களுக்கானது. விவசாயி கேட்டு அறிய வேண்டியவை, புயல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, எந்த வேகத்தில் நகர்கிறது, எவ்வளவு மழை என்பவையே. 420 கிலோமீட்டர் தொலைவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் கைவசம் 28 மணி நேரம். வேகம் மாறும், பாதையும் திரும்பும். எனவே ஒவ்வொரு அறிக்கைக்கும் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். கரை கடப்பதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே காற்றும் மழையும் தொடங்கிவிடும் என்பதால், வேலை செய்யக் கிடைக்கும் நேரம் இதைவிடக் குறைவே. வரைபடத்தில் காட்டும் கோடு மட்டுமே புயலின் வழி அன்று. அதைச் சுற்றியுள்ள கூம்பு முழுவதும் புயல் வரக்கூடிய இடம்.

தாழ்வு மண்டலம் என்றவுடன் செய்ய வேண்டியவை

நெல் வயலில் முதல் வேலை வடிகால். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்த வாய்க்காலை ஒருவர் மட்டும் வெட்டிப் பயனில்லை. மேல்மடைக்காரரின் தண்ணீர் கீழ்மடைக்காரர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மழைக்கு முன் மேலுரம் இடுவதும் மருந்து தெளிப்பதும் பணத்தை வாய்க்காலில் விடுவதாகும். கதிரில் 80 சதவிகித மணிகள் முற்றியிருந்தால் அறுத்துவிடலாம். ஆனால் மழைக்கு முன் அடித்துக் கரையேற்ற ஆளும் இயந்திரமும் கிடைக்குமா என்று பார்த்த பிறகே அரிவாளை எடுக்க வேண்டும். அறுத்துப் போட்டு நனைவதைவிட நிற்கும் கதிரே மேல்.

தென்னைக்கு மூன்று, நான்கு நாட்கள் முன்பே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தினால் வேரடி மண் இறுகி நிற்கும். முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கி, கீழ்ச்சுற்றில் உள்ள கனத்த மட்டைகளை வெட்டிவிட்டால் கொண்டையின் பாரம் குறையும். கஜா போன்ற கடும் புயலில் இவ்வளவும் செய்த மரமும் சாயக்கூடும். நடுத்தரக் காற்றில் பல மரங்கள் தப்பும். காற்று கிளம்பிய பின் எக்காரணம் கொண்டும் மரம் ஏறக்கூடாது. வாழைக்குச் சவுக்குக் கழியால் முட்டுக்கொடுத்து, அடிமரத்துக்கு மண் அணைக்க வேண்டும். முக்கால் பங்கு முற்றிய தார்களை வெட்டி விற்றுவிடலாம்.

மாடுகளை மேட்டுப் பாங்கான இடத்துக்கு மாற்றுவது நலம். அதற்கு வழியில்லையெனில், வெள்ளம் வருமுன் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். புயலின் கண் கடக்கும்போது காற்று அடியோடு ஓய்ந்துவிடும். புயல் முடிந்தது என்று தோப்பையும் கொட்டகையையும் பார்க்கக் கிளம்பக்கூடாது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று பழைய வேகத்தில் அடிக்கும்.

தண்ணீர் வடிந்த பின் மஞ்சளாகத் தெரியும் இளம் நெற்பயிருக்கு, ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவையும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் பயிர் தேறும். அதிகம் சாயாத இளந்தென்னைகளை வேர் காயுமுன் நிமிர்த்தி மண் அணைத்து முட்டுக்கொடுக்கலாம்.

பயிர்க் காப்பீட்டை உரிய கெடுவுக்குள் செய்திருக்க வேண்டும். காப்பீடு செய்த நெல்லை அறுத்து வயலில் காயப்போட்டு, 14 நாட்களுக்குள் புயல் மழையால் அது கெட்டுப்போனால், 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கோ, வங்கிக்கோ, வேளாண்மை அலுவலகத்துக்கோ தெரிவித்தல் அவசியம். சர்வே எண், பயிர், சேதமான தேதி ஆகியவற்றுடன் பிரீமியம் கட்டிய ரசீதின் நகலையும் இப்போதே ஒரு பாலிதீன் உறையில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.