குளத்துக்கு மேற்கே என்ன வைப்பது?

குற்றாலத்தில் தண்ணீர் அதிகமாக விழுந்தாலும் சிக்கல், குறைவாக விழுந்தாலும் சிக்கல். வெள்ளம் வந்தால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை. சாரல் பொய்த்தாலோ, வரிசையில் நின்று தலை நனைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இலஞ்சி, மேலகரம், காசிமேஜர்புரம், பழைய குற்றாலச் சாலை என்று சுற்றிலும் நீச்சல்குளத்தோடு பண்ணைவீடுகள் பெருகியதற்கு இது ஒரு காரணம். வீட்டுப் பெண்கள் பிறர் பார்வை படாமல் தண்ணீரில் இறங்க வேண்டும் என்ற விருப்பம் இன்னொன்று. ஆனால் குளம் கட்டி, தண்ணீர் நிரப்பிய அன்றைக்குத்தான் பக்கத்து மொட்டைமாடி கண்ணில் படுகிறது. உடனே நர்சரிக்குப் போய், சீக்கிரம் வளரும் மரம் எது என்று கேட்கிறார்கள்.

தென்காசிப் பக்கம் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?

செங்கோட்டைக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த ஓர் இடைவெளி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே பாய்ந்து வருகிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலைக் கடந்தவர்களுக்கு அதன் விசை தெரியும். கிழக்கே வரிசையாக நிற்கும் காற்றாலைகள் சுற்றுவதும் இந்தக் காற்றில்தான். குளத்துக்கு மேற்கே நிற்கும் மரம் உதிர்ப்பது எல்லாம் அந்த நான்கு மாதமும் நேராகத் தண்ணீரில் வந்து விழும். கிழக்கே நிற்கும் மரம் உதிர்ப்பதைக் காற்றே அப்பால் கொண்டுபோய்விடும். ஆகவே மேற்குக்கு ஒரு மரம், கிழக்குக்கு வேறொரு மரம். நான்கு பக்கமும் ஒரே கன்றை வாங்கி நடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சவுக்கு இதற்கு நல்ல உதாரணம். காற்றை மடக்குவதில் அதற்கு இணை குறைவு. கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் காற்றுத்தடுப்புக்கென்றே தேர்ந்தெடுத்த சவுக்கு வகைகளை வெளியிட்டிருக்கிறது. வாழைத் தோட்டத்துக்கு அது காவல். நீச்சல்குளத்துக்கோ தொல்லை. ஊசி ஊசியாக உதிர்வது வலையில் சிக்காமல் நழுவி, ஸ்கிம்மர் கூடையில் அடைத்து, மோட்டாரின் இழுவையைக் குறைக்கும். குளம் பராமரிக்கும் பையன்கள் சொல்வது ஒன்றுதான்: “மேக்க சவுக்கு வச்சியள்னா, ஆடி முடியுத மட்டும் வலையும் கையுமாத்தான் நிக்கணும்.” வேப்பிலை, முருங்கை இலை, கொன்றைப் பூ எல்லாம் இதே கணக்கில் வரும். தண்ணீரில் ஊறும் இலை குளோரினைத் தின்னும், பாசிக்கு உரமாகும், தரையில் கறை ஏற்றும்.

நெட்டிலிங்கத்தின் இலை நீளம். விழுந்தாலும் வலையில் வாரி எடுத்துவிடலாம். ஒல்லியாக நிமிர்ந்து வளரும் வகையை நான்கைந்து அடி இடைவெளியில் வைத்தால் குறைந்த இடத்தில் பச்சைச் சுவர் எழும்பிவிடும். இதில் இரண்டு குறைகள் உண்டு. வயதான மரம் அடியில் இலை கொட்டி வெறும் தண்டாகிவிடும். அங்கே வெட்சியோ செம்பருத்தியோ கூடவே வளர்க்க வேண்டும். பழத்துக்கு வௌவால் வரும். காலையில் குளத்தோரக் கல் முழுக்க எச்சமும் கொட்டையுமாகக் கிடக்கும். வாதாமரத்துக்கும் இதே கதைதான்.

மேற்கே, காற்றுக்கு எதிரே, எனக்குப் பிடித்தது புன்னை. கடலோரக் காற்றில் நின்று பழகிய மரம். இலை தடிப்பு, ஆண்டு முழுவதும் பச்சை, உதிர்ந்தாலும் பெரிது. மெதுவாக வளரும் என்பதால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது வளரும் வரை மறைப்புக்கு உள்பக்கம் ஒரு நிழல்வலை கட்டிக்கொள்ளலாம். புன்னைக்காய்க்கும் வௌவால் வரும். ஆனால் வேலியாகக் கத்தரித்து வைத்தால் பூவும் காயும் குறையும். மகிழம் அடர்த்தியில் இதைவிடச் சிறந்தது. அதன் குட்டிப் பூக்கள் நாளெல்லாம் உதிரும் என்பதால் அது கிழக்கே நிற்க வேண்டிய மரம்.

குற்றாலத்தின் ஈரத்துக்கு அரிக்கா பாம் சுகமாக வளரும். சல்லிவேர்தான், குளத்துச் சுவரை நெம்பாது. காய்ந்த மட்டையை மொத்தமாக அறுத்து எடுத்துவிடலாம். அதையே சங்கரன்கோவில் கரிசலில் வைத்தால் வெயிலில் இலை நுனி கருகும். மலையடிவாரத்தில் வேறொரு கவனமும் வேண்டும். வடகரை, மேக்கரைப் பக்கம் யானைகள் இறங்கித் தென்னையைச் சாய்ப்பது வாடிக்கை. அங்கே வேலியோரம் மூங்கிலும் பனைக் குடும்பத்துச் செடிகளும் வைப்பது அவற்றுக்கு விருந்து வைப்பதுதான். ஊருக்குள் மூங்கில் வைப்பவர்கள் புதராக ஓரிடத்தில் நிற்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதன் மெல்லிய இலை ஆண்டு முழுக்க உதிரும் என்பதால் அதற்கும் கிழக்கு மூலைதான்.

வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வேண்டியவையும் உண்டு. கோனோகார்பஸ் சில ஆண்டுகளுக்கு முன்வரை எல்லா நர்சரியிலும் முன்வரிசையில் நின்றது. 2023இல் குஜராத் அதற்குத் தடை போட்டது; 2025இல் தமிழ்நாடும் தடை விதித்தது. யாராவது இன்னும் விற்றால் வாங்கக் கூடாது. அத்தி, ஆல் இனத்து அலங்காரச் செடிகள் தொட்டியில் அழகு. தரையில் இறங்கினால் வேர் தண்ணீரைத் தேடிக் குழாயையும் தரை ஓடுகளையும் பிளக்கும். அரளி, மஞ்சள் அரளி இரண்டும் இலை முதல் விதை வரை நஞ்சு. குழந்தைகள் விளையாடும் குளத்தோரம் அவற்றுக்கு இடமே இல்லை.

உயரத்தைப் பலரும் மிகையாக நினைக்கிறார்கள். ஒரு கணக்கு: பக்கத்து மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 17 அடி உயரம், வேலிக்கு அப்பால் 20 அடி தூரம். குளத்தின் மறுகரை வேலியிலிருந்து 30 அடி. தண்ணீரில் இருப்பவரை மறைக்க வேலியில் 10 அடிக்குச் சற்று மேல் போதும். கரையில் நிற்பவரையும் சேர்த்து மறைக்க 13 அடி. இதற்கு 40 அடி மரம் எதற்கு? பக்கத்து வீடு வேலியை ஒட்டியே இருந்தால்தான் உயரம் கூடும். மாடியில் ஒருவரை நிற்கவைத்து, வேலி வரும் இடத்தில் மூங்கில் கம்பு பிடித்துப் பார்த்தால் அரைமணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

மேற்கே மதிலை உயர்த்திவிடலாம் என்ற எண்ணமும் சரிவராது. முழுச் சுவரில் மோதும் காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று விழும். குப்பையும் அதோடு குளத்தில் இறங்கும். பாதிக் காற்றை உள்ளே விட்டு மீதியைத் தடுக்கும் மரவேலி, தன் உயரத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் வரை வேகத்தைக் குறைக்கும். அதனால் மேற்குப் பக்கச் செடிகளை நெருக்கி நட்டு இறுக்கிவிடாமல், இடையிடையே கிளை நீக்கிக் காற்றுக்கு வழி விடுவது நல்லது.

நடுவதற்கு ஐப்பசி மழை ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழையில் வேர்பிடிக்கும் கன்றுக்கு, அடுத்த ஜூன் காற்று வரும்வரை ஏழெட்டு மாதம் கிடைக்கும். குளத்துச் சுவரிலிருந்து எட்டடியாவது தள்ளி வைக்க வேண்டும். வெயிலில் வெடித்து மழையில் உப்பும் கரிசல் மண்ணில் இன்னும் தள்ளி. பக்கத்திலேயே குச்சி நட்டு, தளர்வாகக் கட்டிவிட வேண்டும். ஃபில்டரை பேக்வாஷ் செய்யும் தண்ணீரைச் சும்மா போகிறதே என்று வேலிப் பாத்திக்குத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. குளோரினும் உப்பும் கலந்த அந்தத் தண்ணீர் இளங்கன்றின் இலையைக் கருக்கிவிடும். அதற்குத் தனிக் குழாய் போட்டு வெளியேற்றுவதைக் குளம் கட்டும்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும்.