இடரும் நிச்சயமின்மையும்

'ரிஸ்க்' என்னும் ஆங்கிலச் சொல் அன்றாடப் பேச்சில் ஆபத்து, துணிச்சல், ஐயம் அனைத்தையும் குறிக்கிறது. பொருளியலில் அதன் பொருள் வரையறைக்கு உட்பட்டது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பிராங்க் நைட் 1921இல் வெளியிட்ட நூலில், அளவிடக்கூடியதை 'ரிஸ்க்', அதாவது இடர், என்றும், அளவிட இயலாததை நிச்சயமின்மை என்றும் பிரித்தார்.

வேளாண்மையில் இவ்வேறுபாடு முக்கியமானது. பல்லாண்டு விளைச்சல் பதிவுகள் இருப்பதால், மழை பொய்ப்பதால் நேரும் இழப்பைக் கணக்கிட்டுக் காப்பீடு செய்யலாம். 2016இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காரீப் பருவ உணவு தானியங்களுக்கு விவசாயியின் பிரிமியம் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதத்திற்கு மேற்படாது என வரையறுக்கப்பட்டது. ஆனால், விளைந்த பயிருக்குச் சந்தையில் விலை சரிந்தால் அக்காப்பீடு ஈடு செய்யாது.

ஆகவே, 'ரிஸ்க் எடுக்கிறேன்' எனக் கூறும் உழவர், எந்த இழப்பிற்குக் காப்பு உண்டு, எதற்கு இல்லை என்பதை விதைக்குமுன் அறிந்துகொள்ளுதல் நலம்.