கம்ப்யூட்டர் டேபிளுக்கு எந்தப் பலகை?

நான் சாஃப்ட்வேர் துறையில் இருப்பதால், புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ஆன்டிவைரஸ் பற்றி என்னிடம் கேட்பார்கள். டேபிளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மானிட்டர், பிரிண்டர், யூ.பி.எஸ். எல்லாம் அதன் மேல்தானே உட்காரப் போகின்றன! ஆசாரியை வைத்தோ நீங்களாகவோ டேபிள் செய்வதாக இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

விலை குறைந்தது பார்ட்டிகிள் போர்டு. மரத்துகள்களைப் பசை சேர்த்து அழுத்திச் செய்வது. ஸ்க்ரூவைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் பிடிப்பு தளர்ந்துவிடும். அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு இது வேண்டாம். எம்.டி.எஃப். மரநாரில் செய்தது, வழவழப்பானது. ப்ளைவுட் இவற்றைவிடக் குறைவாக வளையும், விலையும் கூடுதல். மேல் பலகைக்கு மட்டும் ப்ளைவுட், மற்றவற்றுக்கு எம்.டி.எஃப். என்பது என் யோசனை.

தடிமன் எவ்வளவு? எக்ஸெல்லைத் திறந்து ஒரு செல்லில் =(18/12)^3 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். விடை 3.375. அதாவது 12 மி.மீ. பலகையைவிட, அதே வகை 18 மி.மீ. பலகை 3 மடங்குக்கும் மேல் விறைப்பாக நிற்கும். உடனே டேபிளை நீளமாக்கிவிடாதீர்கள்! தாங்கும் பக்கப் பலகைகளின் இடைவெளி 2 அடியிலிருந்து 3 அடியானால் =(3/2)^3. விடை அதே 3.375. நடுவில் அதே எடை இருந்தால் தொய்வு அத்தனை மடங்கு கூடும்.

3 அடிதான் வேண்டுமா? 2-க்கு 1 அங்குல ரீப்பர் ஒன்றைப் பின் விளிம்பின் அடியில் ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துங்கள். 2 அங்குலப் பக்கம் செங்குத்தாக இருக்கட்டும். படுக்க வைத்த ரீப்பரைவிட நிற்க வைத்தது 4 மடங்கு விறைப்பு.

எம்.டி.எஃப்.க்கு எதிரி தண்ணீர். தரை துடைக்கும் ஈரம் அறுத்த விளிம்பில் ஏறினால் உப்பிவிடும். விளிம்புகளுக்கு 2 கோட் வார்னிஷ் அடித்து, அடியில் பிளாஸ்டிக் புஷ் வையுங்கள். விளிம்பில் ஸ்க்ரூ போடுமுன் சிறு துளை போடாவிட்டால் பிளந்துவிடும்.

இரு பக்கப் பலகைகளிலும் துளைகள் ஒரே உயரத்தில் அமைய ஒரு ஜிக் செய்துகொள்ளலாம். மிச்சமான எம்.டி.எஃப். துண்டில் வேண்டிய இடங்களில் துளையிடுங்கள். ட்ரில் பிட் உரசி உரசித் துளை பெரிதாகாமல் இருக்க, உள்சுவரில் நீர்த்த சூப்பர் க்ளூ சில சொட்டு விடுங்கள் (ஜன்னல் திறந்திருக்கட்டும்). நன்றாகக் காய்ந்தபின் அதே பிட்டை ஒருமுறை விட்டு எடுங்கள். பிறகு ஜிக்கின் அடி விளிம்பைப் பலகையின் அடி விளிம்போடு சேர்த்துப் பிடித்துத் துளையிட வேண்டியதுதான்.