மூளையில் படியேறும் நோய்: லூயி உருண்டைகளைப் பற்றித் தெரிந்துகொள்வோம்



ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிக் குழுக்களுக்கு நாங்கள் போகும்போது, சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்தபிறகு வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேச்சு வரும். "மாமியார் வெறும் சுவத்தைப் பார்த்து, புள்ளைங்க உட்கார்ந்திருக்கு, சோறு போடுன்னு சொல்றாங்க. காத்து கருப்பா இருக்குமோ?" என்று கேட்பார்கள். மந்திரிப்பதற்காகக் கடன் வாங்கிச் செலவழித்தவர்களும் உண்டு. ஆனால் இதற்கு ஒரு மூளை நோய் காரணமாக இருக்கலாம். அதுதான் இந்த மாதப் பாடம்.

ஜெர்மனியைச் சேர்ந்த லூயி என்ற டாக்டர், பார்க்கின்சன் என்னும் நடுக்கு வாதத்தால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து 1912-ல் எழுதினார். நரம்பு செல்லுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் இருந்தன. அவை ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதத்தால் ஆனவை என்று 1997-ல் தெரிந்தது. இந்தப் புரதம் நம் எல்லோருடைய மூளையிலும் இருப்பதுதான். சிலருக்கு அது தப்பாக மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

ஒரு கூடை மீனில் ஒன்று கெட்டால் பக்கத்து மீனும் கெடும் அல்லவா? அதுபோலக் கெட்ட புரதம் பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் கெடுத்து, செல்லுக்குச் செல் பரவுவதாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். முன்பு சில பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் புதிய நரம்பு செல்களை மூளையில் வைத்தார்கள். பத்து வருடத்துக்குமேல் கழித்து, அவர்கள் இறந்தபின் பார்த்தால், அந்தப் புதுச் செல்களிலும் உருண்டை வந்திருந்தது. 2008-ல் இது வெளியானது. மூளைக்குள் பரவுவதைத்தான் சொல்கிறோம். தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ அடுத்தவருக்கு ஒட்டாது.

பரவும் பாதையை 2003-ல் பிராக் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் குழு வரைந்து காட்டியது. முதலில் மணம் அறியும் நரம்புப் பகுதியிலும், மூளைத்தண்டின் அடியிலும். பிறகு மேலே ஏறி, உடல் அசைவைப் பார்த்துக்கொள்ளும் இடம். கடைசியில் ஞாபகம், யோசனை, பார்வையைப் புரிந்துகொள்ளும் மேல்மூளை. எல்லோருக்கும் இதே வரிசையில் வருவதில்லை. சிலருக்கு மறதியும் குழப்பமும்தான் முதலில் தெரியும்.

ஆகவே பல வருடம் முன்பே சில அடையாளங்கள் இருந்திருக்கலாம். தீராத மலச்சிக்கல். கருவாடு வறுத்தாலும் வாசனை தெரியாதது. (நம் பகுதியில் புகையால்தான் மூக்கு போச்சு என்று விட்டுவிடுகிறோம். 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்த இரவை நினைத்துப் பாருங்கள். மூக்கு வேலை செய்யாதவருக்கு அது இரட்டை ஆபத்து.) தூக்கத்தில் கத்துவது, கை கால் வீசி அடிப்பது. குடிக்காத மனிதர், கண்ணை மூடியபடியே பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியை அடித்தால் அது கனவின் வேகமாக இருக்கலாம். இவற்றில் ஒன்று இருப்பதாலேயே நோய் என்று பயப்பட வேண்டாம்.

பிறகு நடை மெதுவாகும், உடம்பு விறைக்கும். இல்லாத ஆட்கள் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிவார்கள். காலையில் கணக்குச் சரியாகச் சொல்பவர் மாலையில் மகனையே தெரியாது என்பார். "வேணும்னே நடிக்கிறாங்க" என்று நாம் நினைப்பது இங்கேதான். அவர் நடிக்கவில்லை.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. உருவம் தெரிகிறது என்றதும் மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு அது உடம்பை மரக்கட்டை மாதிரி ஆக்கிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை குறைவு போன்ற வேறு காரணமும் இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. போகும்போது மலச்சிக்கல் எப்போது ஆரம்பித்தது, தூக்கத்தில் கத்தியது எந்த வருடம், நடை எப்போது மாறியது, உருவம் எப்போது தெரிந்தது என்று வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். அந்த ஒரு தாள் டாக்டருக்கு மிகவும் உதவும். நோயை முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் குழப்பத்தையும் உருவம் தெரிவதையும் குறைக்கும் ரிவாஸ்டிக்மின் போன்ற மருந்து உண்டு. வீட்டில், "அங்க யாரும் இல்ல" என்று சண்டை போடாமல் விளக்கைப் போட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் போடுவதா, வேண்டாமா? அடுத்த கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, எங்களுக்கும் தெரிவியுங்கள்.