மாருதி 800 ‘மிஸ்ஸிங்’ அடித்தால்...

கோவை, பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 இன்னும் ஓடுகிறது. 796 சி.சி., மூன்றே சிலிண்டர். ஒன்று எரியாவிட்டாலும் வண்டி உதறும், மேடு ஏறாது. எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைப் பிரிக்க விடாதீர்கள்.

1. எப்போது உதறுகிறது என்று கவனியுங்கள். நிற்கும்போது மட்டும் என்றால் ஐடில் ஜெட்டில் அடைப்பு, அல்லது வேக்குவம் ஹோஸில் வெடிப்பு. வால்பாறை மேட்டில் மட்டும் என்றால் பிளக், எச்.டி. வயர், பெட்ரோல் ஃபில்டர் மூன்றையும் பாருங்கள்.

2. எந்த சிலிண்டர் என்று அறிய, இன்ஜினை நிறுத்தி ஒரு பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். வயர் முனையில் வேறொரு பிளக்கைச் செருகி, அதன் இரும்பு இன்ஜினில் நன்றாகப் படும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஓட்டம் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் நல்லது. மாற்றமே இல்லையென்றால் கோளாறு அங்கேதான். ஓடும்போது வயரைத் தொடக்கூடாது, ஷாக் பலமாக அடிக்கும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இதைச் செய்ய வேண்டாம்.

3. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளங்காபி நிறமென்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டரையும் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும்.

4. அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் புது பிளக் போதும்.

5. போன ஆடியில் எங்கள் வண்டிக்கு இரண்டு முறை கார்புரேட்டரைப் பிரித்தும் தீரவில்லை. ஒரு ராத்திரி போர்டிகோ விளக்கை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்தேன். நடு வயரிலிருந்து இன்ஜின் ஹெட்டுக்கு நீலப் பொறி ‘டிக் டிக்’ என்று தாவிக்கொண்டிருந்தது! எச்.டி. வயர் செட்டை மாற்றியதும் அன்றே சரியானது. கையை விலக்கி வைத்துக்கொண்டு நீங்களும் இருட்டில் பாருங்கள்.

6. பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரல் வரும் ஆனி, ஆடியில் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். காலையில் மட்டும் உதறினால் கேப்பைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே பென்சில் கோடு போலக் கரிக்கீறல் தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, புதுசு போடுங்கள்.

7. இத்தனைக்கும் தீரவில்லையா? மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டதும் அளவு கூடினால் ரிங் தேய்வு. கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வு.